நான்கு அறிக்கைகளும் ஒரு கடைவாய்ப்பல்லும்

எனக்கு இரத்தசோகை முற்றியிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பல் மருத்துவர். இரவு படுக்கப் போகும் முன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, ஐஸ் தட்டை முறுக்கி, இரண்டு கட்டிகளை வாயில் போட்டுக் கடித்து நொறுக்குவது எனக்கு வழக்கமாகியிருந்தது. இரண்டு கட்டிகள் நாளடைவில் ஒரு தட்டாயின; ஒரு தட்டு போதாமல் இன்னொன்றும் வாங்கினேன். தனியாக வசிப்பதால் இதைக் கேட்க ஆளில்லை, எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டிய விஷயமாக அது தோன்றவில்லை. ஓர் இரவு ஐஸோடு சேர்ந்து கடைவாய்ப்பல்லும் பிளந்தது. மறுநாள் பல்லைப் பார்த்த மருத்துவர், "ஐஸ் கடிக்கும் பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார். கூச்சத்தோடு தலையசைத்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தவர், "பல்லை நான் சரிசெய்துவிடுகிறேன், நீங்கள் நாளைக்கே இரத்தத்தைச் சோதித்துவிடுங்கள்" என்றார். மறுநாள் மாலை வந்த அறிக்கையில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7.4 கிராம் என்று இருந்தது. கருவுறாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இரத்தசோகை, 8-க்குக் கீழே கடுமையான இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

ஐஸ், மண், சுண்ணாம்பு, வேகாத அரிசி போன்றவற்றைத் தின்னத் தோன்றும் அடங்காத ஆசைக்குப் பைக்கா என்று பெயர். இரும்புச்சத்துக் குறைபாட்டில், குறிப்பாக ஐஸ் மீதான ஆசை, அடிக்கடி காணப்படுகிறது. இதை நான் மூன்று ஆண்டுகளில் பார்த்த எந்த மருத்துவரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கோ வீட்டில் உள்ளவர்களுக்கோ இப்படி ஒரு விசித்திரப் பழக்கம் புதிதாக ஒட்டிக்கொண்டிருந்தால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லியிருந்தால் பல் மட்டுமல்லாமல் பணமும் மிஞ்சியிருக்கும்.

அந்த மூன்று ஆண்டுகளை இப்போது திரும்பிப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. முதலில் படிக்கட்டு. அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்கு நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தவள், இரண்டாவது மாடியில் தொலைபேசியைப் பார்ப்பதுபோல் நின்று மூச்சு வாங்கத் தொடங்கினேன். வயது நாற்பதைக் கடந்துவிட்டது, எடை கூடியிருக்கலாம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. இரவில் கால்களை ஓரிடத்தில் வைத்திருக்க முடியாத ஒரு தவிப்பு வந்தது. படித்த பக்கத்தையே மீண்டும் மீண்டும் படித்தேன். நெஞ்சு படபடத்ததால் இதய மருத்துவரிடம் போனேன். இசிஜி, எக்கோ, டிரெட்மில் சோதனை எல்லாம் எடுத்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவைத்தார்கள். வாயுத் தொல்லையாக இருக்கும் என்று இன்னொருவர் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார். அதை ஏறத்தாழ ஓராண்டு விழுங்கினேன். வயிற்று அமிலம் குறைந்தால் உணவிலுள்ள இரும்பு சரியாக உட்கிரகிக்கப்படாது என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதைவிட மோசமாக நான் ஏமாந்த இடம் சர்க்கரைப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 6.0 என்று வந்தது, நீரிழிவுக்கு முந்தைய நிலை என்றார்கள். பயந்துபோய் உணவைப் பாதியாகக் குறைத்தேன், இறைச்சியை அடியோடு நிறுத்தினேன், ஆறு மாதத்தில் ஐந்து கிலோ இளைத்தேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். இரும்புக் குறைபாடு இருக்கும்போது ஹெச்பிஏ1சி உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டக்கூடும் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. இரத்தசோகை சரியான பிறகு எனக்கு அதே சோதனையில் 5.4 வந்தது. இல்லாத ஒரு நோய்க்குப் பத்தியம் இருந்து, இருந்த நோயை வளர்த்திருக்கிறேன். இந்தச் சோதனையில் எல்லைக்கோட்டு அளவு வந்து, கூடவே ஹீமோகுளோபினும் குறைவாக இருந்தால், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

7.4 என்ற எண்ணைப் பார்த்த அன்று இரவு, மேசை இழுப்பறையில் கிடந்த பழைய அறிக்கைகளை எல்லாம் எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். அலுவலகத்தில் ஆண்டுதோறும் எடுக்கும் உடல் பரிசோதனையின் தாள்கள் அவை. ஹீமோகுளோபின் முதல் ஆண்டில் 12.3, அடுத்த ஆண்டில் 11.5, அதற்கடுத்து 10.2, இப்போது 7.4. முதல் தாளில் எந்தக் குறிப்பும் இல்லை. இரண்டாவதில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நட்சத்திரக் குறி. மூன்றாவதில் "சத்தான உணவு உட்கொள்ளவும்" என்று ஒரு வரி. நான்கு தாள்களையும் பார்த்தவர்கள் நான்கு வெவ்வேறு மருத்துவர்கள். ஒவ்வொருவரும் தம் முன்னால் இருந்த தாளை மட்டுமே பார்த்தார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நான்கையும் கையில் வைத்திருந்தவள் நான். சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்சிவி என்ற இன்னொரு எண் அதே தாள்களில் 81, 77, 72, 64 என்று ஹீமோகுளோபினோடு கைகோத்து இறங்கிக்கொண்டிருந்தது. அது 80-க்கும் 100-க்கும் இடையில் இருக்க வேண்டியது. அப்படி ஓர் எண் இருப்பதே அன்றுதான் என் கண்ணில் பட்டது.

ஆகவே நான் சொல்லும் முதல் வேலை, ஒரு நோட்டை எடுத்து, கைவசம் இருக்கும் எல்லா இரத்தப் பரிசோதனைகளிலிருந்தும் தேதி, ஹீமோகுளோபின், எம்சிவி, ஃபெரிட்டின் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைப்பதுதான். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது. இதில் ஃபெரிட்டின் என்பது உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது. சேமிப்பு முதலில் கரையும், அதன் பிறகே ஹீமோகுளோபின் இறங்கும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால் பழைய நல்ல அணுக்கள் பல வாரங்களுக்குக் குறையை மறைத்துக்கொண்டே இருக்கும். எனக்கு முதன்முதலாக ஃபெரிட்டின் பார்த்தபோது 4 இருந்தது. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் கையிருப்பு தீர்ந்தது என்று பொருள். 12.3 என்று வந்த முதல் ஆண்டிலேயே இதைப் பார்த்திருந்தால் அப்போதே குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு எச்சரிக்கை: உடலில் தொற்றோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், காய்ச்சலோடு போய் எடுத்த அறிக்கையை நம்பி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், கதை முடிந்தது என்றுதான் எண்ணினேன். காலை தேநீரோடு ஒன்று, இரவு கால்சியம் மாத்திரையோடு ஒன்று என்று ஒழுங்காகப் போட்டேன். மலச்சிக்கலும் குமட்டலும் வாட்டின, மலம் கறுத்தது. கறுப்பு நிறம் இரும்பினால் வருவது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தார்போலப் பிசுபிசுத்து நாற்றமெடுத்தால் அது உள்ளே கசியும் இரத்தமாக இருக்கலாம் என்பதால் உடனே காட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் 7.9. நல்ல முறையில் ஏறினால் மூன்று, நான்கு வாரங்களில் ஏறத்தாழ 2 கிராம் கூடியிருக்க வேண்டும் என்று கேட்டபோது மருத்துவர் சொன்னார், எப்படிப் போடுகிறீர்கள் என்று அப்போதுதான் விசாரித்தார். தேநீரும் காபியும் பாலும் கால்சியமும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் இரும்பை உடலுக்குள் புகவிடாமல் தடுப்பவை, நானோ அவற்றின் துணையோடுதான் அதை விழுங்கிக்கொண்டிருந்தேன். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மருந்தும் வீணாகிவிடும்.

அதன் பிறகு காலையில் வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு கலந்த நீரோடு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரே மாத்திரை என்று மாற்றினார்கள். குறைத்துக் கொடுத்தால் எப்படிக் கூடும் என்று எனக்குச் சந்தேகம். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஒரு பொருள்தான் குடலில் இரும்புக்கு வாயிற்காவலன். ஒரு பெரிய அளவு உள்ளே போனதும் அது உயர்ந்து, ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் கதவைச் சாத்திவைக்கிறது. அடுத்தடுத்துப் போடும் மாத்திரைகள் குடலைப் புண்படுத்திவிட்டு வெளியேறுகின்றன. இரும்புக் குறைபாடுள்ள பெண்களிடம் நடத்திய ஆய்வுகளில் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உட்கிரகிக்கப்பட்ட பங்கு கூடியது. எனக்கும் குமட்டல் குறைந்தது, எண் ஏறத் தொடங்கியது. மாத்திரை அட்டையைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிட்டாய்போலத் தெரியும் அந்த மாத்திரைகளைச் சிறு குழந்தை ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஹீமோகுளோபின் 12.1-ஐத் தொட்ட அன்று மாத்திரையை நிறுத்தினேன். இது நான் செய்த மிகப் பெரிய தவறு. இரத்தம் நிறைந்த பிறகு கையிருப்பு நிறைய இன்னும் மூன்று மாதங்களாவது தொடர வேண்டும் என்று மருந்துச் சீட்டிலேயே எழுதியிருந்தது; நன்றாக இருக்கும்போது சீட்டை யார் படிக்கிறார்கள்! ஆறு மாதத்தில் ஐஸ் தட்டு மீண்டும் மேசைக்கு வந்தது. எண் 9.8. இந்த முறை என்னைப் பார்த்த பெண் மருத்துவர் மாத்திரையைப் பற்றிப் பேசவே இல்லை. "இரும்பு எங்கே போகிறது என்று யாராவது பார்த்தார்களா?" என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை. மாதவிடாயைப் பற்றிக் கேட்டார். "வழக்கம்போலத்தான்" என்றேன். அந்த வழக்கம் எப்படி என்று அவர் விடவில்லை: எத்தனை நாள், இரவில் எழுந்து நாப்கின் மாற்றுவதுண்டா, கட்டிகள் போகுமா, இரண்டு மணி நேரத்துக்குள் நனைந்துவிடுமா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றே பதில் சொன்னேன். என் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது, ஆகவே எல்லோருக்கும் அப்படித்தான் என்று இத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். உணவிலிருந்து உடல் ஒரு நாளைக்கு உட்கிரகிப்பது 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பு, இயல்பாக இழப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அது அதிக உதிரப்போக்கு. அந்த 80-லேயே 40 மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. மாதம் முழுவதும் உணவு கொண்டுவருவதில் பெரும்பகுதி நான்கைந்து நாட்களில் வெளியேறினால் எந்தக் கணக்கும் தேறாது. ஸ்கேனில் கருப்பையின் உட்சுவரை ஒட்டி ஒரு நார்க்கட்டி இருந்தது. அதற்கு முன் நான் வாங்கித் தின்ற சிவப்புக் காய்கனிகளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. சிவப்பாக இருப்பது இரத்தமாகிவிடும் என்று எனக்கு ஆலோசனை சொன்னவர்களில் படித்தவர்களே அதிகம்.

மாத்திரை இனித் தாங்காது என்பதால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள். ஊசி ஏறிய இடம் எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே செவிலியரை அழைக்க வேண்டும், மருந்து தோலுக்கடியில் கசிந்தால் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும். ஏற்றிய கையோடு ஃபெரிட்டின் பார்ப்பதும் வீண், அது பொய்யாக உயர்ந்திருக்கும். குறைந்தது நான்கு வாரங்கள் போக வேண்டும். ஏற்றிய ஐந்தாம் நாள், ஹீமோகுளோபின் கூடுவதற்கெல்லாம் நேரமே ஆகாத நிலையில், ஐஸ் ஆசை நின்றுபோனது. தட்டில் இருந்த கட்டிகளை எடுத்துத் தொட்டியில் கொட்டினேன், வாயில் வைக்கவே தோன்றவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கருப்பையின் நார்க்கட்டியை அகற்றினார்கள். பல், இதயச் சோதனைகள், தேவையற்ற மாத்திரைகள், சம்பளமில்லாத விடுப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ நான்கு மாதச் சம்பளம். முதல் ஆண்டிலேயே ஃபெரிட்டினும் ஒரு ஸ்கேனும் பார்த்திருந்தால் ஆகியிருக்கும் செலவு அதில் ஒரு சிறு துளி.

விடுப்பில் இருந்த வாரங்களில், எனக்கு மட்டும்தான் இப்படியா என்ற கேள்வியோடு உலகக் கணக்கைத் தேடிப் படித்தேன். உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின்படி 1990-இல் மக்கள்தொகையில் 28.2 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. 2021-இல் அது 24.3 சதவீதம். இறங்கியிருக்கிறதே என்று நிம்மதி அடைவதற்குள் அடுத்த வரி வருகிறது: மக்கள்தொகை பெருகியதால் எண்ணிக்கை 150 கோடியிலிருந்து 192 கோடியாக உயர்ந்திருக்கிறது. பெண்களில் 31.2 சதவீதம், ஆண்களில் 17.5 சதவீதம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 41.4 சதவீதம். முப்பது ஆண்டுகளில் ஆண்களின் நிலை தேறிய வேகத்தில் பெண்களுடையதும் குழந்தைகளுடையதும் தேறவில்லை. சுமை மிகக் கனமாக இருப்பது சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும்தான்.

15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் இரத்தசோகையை 2025-க்குள் பாதியாகக் குறைப்பது என்று 2012-இல் உலக சுகாதாரப் பேரவை இலக்கு வைத்தது. அந்த ஆண்டில் 27.6 சதவீதமாக இருந்த அளவு 2023-இல் 30.7 சதவீதம். பாதியாக வேண்டியது கூடியிருக்கிறது, இலக்கின் ஆண்டு 2030-க்குத் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. இதைப் படித்தபோது தரையில் பரப்பிய என் நான்கு தாள்கள்தான் நினைவுக்கு வந்தன. காரணத்தைத் தேடாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் எனக்கு நடந்ததே ஊருக்கும் நடக்கும் என்பது என் எண்ணம். மூன்றில் இரண்டு பங்கு இரத்தசோகைக்கு இரும்புப் பற்றாக்குறை காரணம் என்றாலும், மலேரியா, கொக்கிப்புழு, ஹீமோகுளோபினைப் பாதிக்கும் பரம்பரை நோய்களான அரிவாள் அணு நோய், தலசீமியா, பிறகு சிறுநீரக நோய், அதிக உதிரப்போக்கு என்று இடத்துக்கும் வயதுக்கும் ஏற்ப மீதிக் காரணங்கள் மாறுகின்றன. முன்பு சொன்ன நோய்ச்சுமை ஆய்வு 2021-இல் இரத்தசோகையோடு வாழ்ந்து முழு நலத்தை இழந்த ஆண்டுகளை 5.2 கோடி என்று கணக்கிடுகிறது. உயிரைப் பறிப்பதைவிட வேகத்தைப் பறிக்கும் நோய் என்பதால், அதை அளக்க இப்படி ஒரு கணக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

என் கதை மாதவிடாயில் போய் முடிந்தது என்பதற்காக ஆண்களும் மாதவிடாய் நின்ற பெண்களும் இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். அவர்களுக்கு இரும்புக் குறைபாட்டு இரத்தசோகை வந்தால் வயிற்றிலோ குடலிலோ இரத்தம் கசிகிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நாள்பட்ட வலி மாத்திரையால் வந்த புண்ணாக இருக்கலாம், பெருங்குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். எண்டோஸ்கோப்பிக்குப் பயந்து சத்து மாத்திரையோடு நிறுத்திக்கொள்வது கசியும் குழாயின் கீழே வாளியை மாற்றி மாற்றி வைப்பதுபோன்றது. எம்சிவி குறைவாக இருந்தும் ஃபெரிட்டின் சரியாக இருந்தால், அது பிறவியிலேயே வரும் தலசீமியாக் கூறாக இருக்கலாம். அந்தக் கூறு உள்ளவர்களுக்கு இரும்பு கொடுத்துப் பயனில்லை, திருமணத்துக்கோ குழந்தைப்பேற்றுக்கோ முன்னால் தலசீமியாச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. எம்சிவி 100-ஐத் தாண்டினால் பி12 அல்லது ஃபோலேட் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையக்கூடும், கால் மரத்துப்போவதை அவர்கள் சர்க்கரையின் கணக்கில் மட்டும் எழுதிவிடுகிறார்கள்.

அறிகுறிகளைச் சொல்லும்போது "களைப்பாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள் என்பது என் இன்னொரு அனுபவம். களைப்பு எல்லோருக்கும் உண்டு, கேட்பவருக்கும் உண்டு. "சென்ற ஆண்டு மூன்று மாடி நிற்காமல் ஏறினேன், இப்போது ஒன்றரை மாடியில் நிற்கிறேன்" என்று சொன்ன நாளில்தான் எதிரே இருந்தவர் பேனாவைக் கையில் எடுத்தார்.

சென்ற மாதச் சோதனையில் ஹீமோகுளோபின் 13.1, எம்சிவி 88, ஃபெரிட்டின் 58. நார்க்கட்டி மீண்டும் வரக்கூடியது என்று சொல்லியிருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டில் அடுத்த தேதியை எழுதி, பக்கத்தில் மூன்று கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறேன்.